பகல் நேரக் காப்பகம் கேட்டுப் போன திங்கட்கிழமை

என் தம்பிக்கு முப்பத்தொரு வயது. மீசை இருக்கிறது, ஆனால் சோறு ஊட்டித்தான் விட வேண்டும். சிறப்புப் பள்ளியில் பதினெட்டு வயது வரைதான் வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவனைப் போன்றவர்கள் பகலில் எங்கே இருப்பார்கள் என்று அரசாங்கத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார். இப்போது நான். எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனவள், துணியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங்கில் வேலை.

காலையில் அவனுக்கு ஊட்டிவிட்டு, கிழித்து விளையாட வேஸ்ட் துணி மூட்டை ஒன்றை முன்னால் வைத்துவிட்டு, வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு போவேன். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வேன். அப்படியும் பயம் போகாது. வயர் பற்றிக்கொண்டால்? வலிப்பு வந்தால்? ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், கையில் இருக்கும் துணியில் ஓட்டை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. பூட்டுவதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லி வந்தேன்.

எங்களைப் போன்ற குடும்பங்களைச் சேர்த்து மனுக் கொடுக்க ஏற்பாடு செய்தவர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு அண்ணன். அவர் மகளும் என் தம்பி மாதிரிதான். வயது வந்தவர்களுக்கு அரசாங்கமே பணம் ஒதுக்கிப் பகல் நேரக் காப்பகம் நடத்த வேண்டும் என்பதுதான் மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

யாராவது தீக்குளிக்க மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடுவார்களோ என்று வாசலிலேயே பைகளைச் சோதிக்கிறார்கள். பெண் போலீஸ் என் தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். பிறகு பைக்குள் கைவிட்டு ரெகுலேட்டரை எடுத்தார்.

"என்னம்மா இது?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், வீட்டில் யாருமில்லை. பழக்கத்தில் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ரெகுலேட்டருங்க."

"அது தெரியுது. இங்க எதுக்கு? சிலிண்டர எங்க வெச்சிருக்க?"

இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் பூட்டுவதை, அடுப்புக்குப் பயந்து கழற்றுவதை. அந்தப் பெண் போலீஸ் தம்பியைப் பார்த்தார். ரெகுலேட்டரை மேசைமேல் வைத்து, "போறப்ப வாங்கிக்க" என்றார்.

பின்னால் நின்ற அண்ணனின் காதிலும் அது விழுந்துவிட்டது. "ஏனம்மிணி, பக்கத்து ஊட்டுல பாத்துக்கறாங்கன்னு எத்தன தடவ சொன்னீங்க?"

நான் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

"எம்புள்ளயக் கட்டில்ல கட்டிப் போட்டுட்டுத்தான் நாங்க தறிக்குப் போறமுங்க," என்றார் மெதுவாக. "மனுவுல அத எழுதுல. உள்ளார சொல்லீரலாமுங்க."

"போலீஸ் கேஸ் போட்டுட்டாங்கன்னா?"

"ரெண்டு பேரையும் ஒரே வண்டீல கூட்டீட்டுப் போவாங்க. பேச்சுத் தொணையாச்சு."

உள்ளே ஒரு அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். பூட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? வேற மாவட்டத்துல ஒரு இல்லம் இருக்கு. அங்கயே தங்க வெச்சுப் பாத்துப்பாங்க. எழுதிக் குடுங்க, நானே அனுப்ப ஏற்பாடு பண்றேன்." வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

போலீஸைவிட அந்தத் தாள்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. வேறு யார் ஊட்டினாலும் தம்பி வாய் திறக்க மாட்டான். அவன் நெற்றியில் என் கை இல்லாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

"வேண்டாமுங்க."

"வேண்டாம்னா நாளைக்கும் பூட்டித்தானே வைப்பீங்க?"

"ஆமாங்க," என்றேன். "காலைல உட்டுட்டுப் போயி, சாயங்காலம் நானே கூட்டிக்கற மாதிரி ஒரு எடம் குடுங்க. அதுவரைக்கும் பூட்டித்தானுங்க வெப்பேன்."

"அதுக்கு நிதி இல்லம்மா. மேல எழுதிக் கேக்கணும்."

"அத எழுதுங்கன்னுதானுங்க வந்திருக்கறம்," என்றார் அண்ணன்.

அந்தத் தாளை எடுத்தேன். தம்பியை எங்கேயும் தங்க அனுப்பச் சம்மதமில்லை, பகலுக்கு மட்டும் இடம் வேண்டும், இல்லாததால் பூட்டிவிட்டுப் போகிறேன் என்று கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே அண்ணன், மகளைக் கட்டிவைப்பதை எழுதினார். மனுவோடு சேர்த்து முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது அது எந்த மேசையில் இருக்கிறதோ. காப்பகத்துக்குப் பணம் ஒதுக்கி உத்தரவு வரலாம். தம்பியை அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போக வண்டியும் வரலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லி, அரசாங்க வண்டி ஏதாவது சந்துக்குள் வந்தால் உடனே எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். எதற்கு வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று மட்டும் வண்டியில் வந்தவர்களிடம் சொன்னால் போதும் என்றேன்.