பத்துக்குப் பத்து

அஸ்திவாரம் தோண்டக் கயிறு கட்டி முடியும்வரை வீட்டுக்காரர்களை மனைப்பக்கம் நிற்கவிட மாட்டார் கஜபதி மேஸ்திரி. "போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அனுப்பியும் பயனில்லை. திரும்பி வந்து, நான்கு முளைகளுக்கு நடுவே நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். ரூம் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது?

திருத்தணியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருபத்தாறு வருடமாக இந்தக் கேள்வியைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார். ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவுக்காரர் கயிற்றுக்குள் பாயை விரித்துப் படுத்துக் காட்டி, கால் இடிக்கிறது என்று சண்டை போட்டார். கனகம்மாசத்திரத்தில் ஒரு வாத்தியார் மேஸ்திரியின் டேப்பையே சந்தேகப்பட்டு, கடைக்குப் போய்ப் புது டேப் வாங்கி வந்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டியதில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"மேல ஆகாசம் தொறந்து கெடக்குதுங்க. அத்த பாத்த கண்ணுக்கு இது சின்னதாத்தான் தெரியும். செவுரு ஏறட்டும், மேல மூடி வெள்ளை அடிக்கட்டும், அப்ப வந்து சொல்லுங்க." காதில் செருகிய பென்சிலைத் தடவிக்கொண்டே, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொல்லி முடிப்பார். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் போவார். நிலைவாசலில் சாய்ந்து நின்று, வீட்டுக்காரர் ஏதாவது சொல்கிறாரா என்று காத்திருப்பார். ரூம் பெரிதாக இருப்பதாக வந்தவர்கள் எல்லாம் சொல்வார்கள். வீட்டுக்காரருக்குத் தாம் சண்டை போட்டதே நினைவிருக்காது. மேஸ்திரி கேசரியைத் தின்றுவிட்டுப் புறப்பட்டுவிடுவார்.

தை மாதம் அவர் மனைவி மணியம்மை இறந்துபோனாள். ஏரிக்கரையில் குழி வெட்டி வைத்திருந்தார்கள். கஜபதி விளிம்பில் நின்று பார்த்தார். ரொம்பச் சின்னதாக இருந்தது. "பத்தாது போல கீதே" என்றார், யாரிடம் என்றில்லாமல். மணியம்மையின் தம்பி டில்லிபாபு, பத்து வருடம் அவரிடமே கொத்து வேலை செய்தவர், அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறரை அடி கீது பாவா. மேல ஆகாசம் தொறந்து கெடக்குதில்ல, அதான் உனக்கு அப்டி தெரியுது."

கஜபதி தலையாட்டினார். அளவு சரி என்பது அவருக்கும் தெரியும். உள்ளே இறக்கியபோது தலைமாட்டில் இடம் மிஞ்சவும் செய்தது. ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் குழி இன்றைக்கும் குறுகலாகத்தான் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கப் போவதில்லை. அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. ரூம் சின்னது என்றால் டேப்பை எடுத்து நீட்டுகிறார், அவ்வளவுதான்.

போன வாரம் அரக்கோணம் ரோட்டோரம் தேவயானிக்குக் கயிறு கட்டினார். கழனி வேலைக்குப் போகிற பெண். அவள் கணவன் பச்சையப்பன் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆனவன். இருக்கிற குடிசைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. பகலெல்லாம் அவனுக்கு வாசல்தான், மழையானாலும் வெயிலானாலும். வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஒரு ரூம்.

தேவயானி கயிற்றுக்குள் போய் நின்றாள்.

"கட்டில் போட்டா வண்டி திரும்புமாண்ணா?"

கஜபதியின் கை இடுப்பிலிருந்த டேப் வரை போய்த் திரும்பியது. கட்டில் அளவுக்குச் செங்கல்லை அடுக்கினார். ஓரமாக வண்டியில் இருந்த பச்சையப்பனைத் தூக்கிப் பாயில் உட்காரவைத்தார். வண்டியைக் கயிற்றுக்கு மேலாக உள்ளே இறக்கி, தாமே அதில் ஏறி உட்கார்ந்து உருட்டினார்.

"பாத்து மேஸ்திரி, லெப்ட்டுல இழுக்கும். லைசென்ஸ் கீதுல்ல?" என்றான் பச்சையப்பன்.

வண்டி செங்கல்லைச் சுற்றி வந்தது. இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கமும் திரும்பியது. எங்கேயும் கயிறு தட்டவில்லை.

"ஆங், திரும்புதுண்ணா" என்றாள் தேவயானி. சொன்னாளே தவிர, அவள் பார்வை கயிற்றை விட்டு அகலவில்லை.

சித்தாள் ரஞ்சிதம் தோண்டுவதற்குக் கடப்பாரையை எடுத்தாள். கஜபதி இருக்கச் சொல்லிக் கையமர்த்தினார். சந்துப் பக்கம் இருந்த இரண்டு முளைகளையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்.

"அளவு சரியாத்தானே கீது மேஸ்திரி?" என்றாள் ரஞ்சிதம்.

"சரியாத்தாம்மா கீது."

"வாங்கின கல்லு பத்தாதே?"

"எங்க வூட்ல கெடக்குது."

ஓரடி தள்ளி முளைகளை ஊன்றி அடித்தார். கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, தேவயானியை மறுபடி உள்ளே வந்து நிற்கும்படி கையைக் காட்டினார்.