சுவரில் மாட்டிய விரல்

விரலக்காவுக்குக் கோபம் வந்தால் அது லேசில் போகாது. வந்த கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் அவளுக்கு நிகர் அவளேதான். எப்போதோ குக்கரை இரவல் வாங்கி, மூடியை நசுக்கித் திருப்பிக் கொடுத்த பழைய பக்கத்து வீட்டுக்காரியை இன்றைக்கும் அவள் "மூடி" என்றுதான் குறிப்பிடுவாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று உபதேசம் செய்கிறவர்களுக்கு என்ன வந்தது? நகம் போனது அவர்களுக்கு இல்லையே.

விரலக்கா என்பது நகைக்கடையில் கூட வேலை பார்த்த பெண்கள் வைத்த பெயர். அங்கே அவள் மோதிரப் பிரிவில் நின்றாள். வாங்க வருகிறவர்கள் தங்கள் விரலில் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு கையில் பார்க்க ஆசைப்படுவார்கள். மேலாளர் உடனே இவளைக் கூப்பிடுவார். நீண்ட விரல்கள், சீரான நகங்கள். இடது மோதிர விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் ஒரு சின்னக் கறுப்பு மச்சம். அந்தக் கை நீல வெல்வெட் தட்டின் மேல் வந்து அமர்ந்துவிட்டால், சும்மா விலை கேட்க வந்தவர்கள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. கையை வைத்துப் பிழைக்கிறோம், முகத்துக்கு ஓய்வு என்பாள்.

அந்த விரலுக்குத்தான் கேடு வந்தது. கடைக்குப் பக்கத்தில் இருந்த பார்லரில் நகம் சீர்செய்துகொள்ளப் போனாள். முந்தைய ஆளின் நகத்தோரத்தை வெட்டிய அதே கத்தரியை, அதே ஈரத் துண்டில் ஒரு துடை துடைத்துவிட்டு, இவள் விரலில் வைத்தார்கள். சுருக்கென்று ஒரு வலி, ஒரு பொட்டு ரத்தம். அடுத்த வாரமே நகச்சுத்து. விரல் வீங்கி, சீழ் வைத்து, தூக்கமில்லாமல் தவித்து, கடைசியில் மருத்துவர் நகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. நகைக்கடையில் அவளை மோதிரப் பிரிவிலிருந்து பின்பக்கம் அனுப்பினார்கள். டப்பாவில் பஞ்சு வைப்பது, ரிப்பன் கட்டுவது. தினமும் முன்பக்கத்தில் வேறொருத்தியின் கை வெல்வெட்டில் அமர்வதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே கட்டினாள்.

வீங்கியிருந்தபோதே அந்த விரலை வெல்வெட் தட்டின் மேல் வைத்துப் படம் எடுத்துப் பார்லர்காரியின் போனுக்கு அனுப்பியிருந்தாள். பதில் இல்லை. நேரில் போனாள். சண்டை போடப் போகவில்லை. ஒரு வார்த்தை, "தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பாள். பார்லர்காரி கட்டுப்போட்ட விரலைப் பார்த்தாள், காத்திருந்த பெண்களைப் பார்த்தாள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"வீட்டுல அழுக்குப் பாத்திரம் தேய்க்கிற கை. அங்க புடிச்ச சீழுக்கு என் கடை என்ன பண்ணும்?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். விரலக்கா படியிறங்கி வந்துவிட்டாள். பதில், வீடு வந்து சேர்ந்த பிறகு வண்டி வண்டியாக வந்தது. அதை எல்லாம் யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சிக்கிக்கொண்ட லிஃப்டுக்குள் இருக்கிறவர்களைப் பதறாமல் இருக்கச் சொல்லிச் சொல்லியே பழகியவர். அந்தப் பழக்கத்தில், "நகம்தானே, வளரும் விடு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் கொஞ்ச நாள் சுவரோடு பேச வேண்டியிருந்தது.

நகம் வளர்ந்தது. ஆனால் நடுவில் ஒரு மேடு விழுந்து, தடித்து வளர்ந்தது. இதற்கிடையில் வீட்டுக்காரருக்கு வேறு பகுதியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளின் வேலை கிடைக்க, குடும்பம் இடம் மாறியது. அங்கே ஒரு பெரிய நகைக்கடையில் மோதிரப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். விசாரித்த அம்மா படிப்பு, அனுபவம் எல்லாம் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை வாங்க, கையைப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றாள். அந்த மேட்டைப் பக்குவமாகத் தேய்த்துச் சமன்படுத்தினால் வேலை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலோ, அழுக்குக் கருவி பட்டாலோ மறுபடியும் பஞ்சும் ரிப்பனும்தான். அதனால் புது இடத்தில் பால்காரர் யார், மளிகை எங்கே என்று விசாரிப்பதற்கு முன்பே அவள் நல்ல நகப் பார்லர் எது என்று தேடக் கிளம்பினாள்.

துணைக்கு நாத்தனார் வந்தாள். அதே பகுதியில் பல வருடமாக இருப்பவள், எந்தக் கடையைக் கேட்டாலும் "சூப்பர் அண்ணி" என்று சான்றிதழ் கொடுப்பவள். அவளுக்குக் கடையில் ஏ.சி. இருந்தால் போதும்.

விரலக்காவின் முறை வேறு. எந்தக் கடையிலும் போனதும் கையை நீட்ட மாட்டாள். யாருக்காகவோ காத்திருப்பவள் போல ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ஒரு ஆள் எழுந்து போய் அடுத்த ஆள் உட்காரும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் கடையின் குணம் தெரியும் என்பது அவள் விரலைக் கொடுத்துக் கற்ற பாடம். அந்த நேரத்தில் துண்டு மாறுகிறதா, அரம் மாறுகிறதா, கால் ஊறிய தொட்டியைத் தேய்க்கிறார்களா, தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புகிறார்களா என்று பார்ப்பாள்.

முதல் கடை வாசனையில் ஆளைத் தூக்கியது. ஒரே அரம் இவள் கண்ணெதிரே மூன்று பேரின் நகத்தை ராவியது. எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவது கடையில் நீல விளக்கு எரியும் பெட்டி ஒன்று இருந்தது. கருவிகளைக் கிருமியில்லாமல் வைக்கும் பெட்டி என்று அதன் மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். நாத்தனார் பூரித்துப் போனாள். ஒரு பெண் வந்து அதைத் திறந்து, உள்ளே சார்ஜ் போட்டிருந்த தன் போனையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் அண்ணி, வீடு வாங்கப் போறவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்று நாத்தனார் அலுத்துக்கொண்டாள்.

"வீடு இடிஞ்சா திரும்பக் கட்டிக்கலாம்" என்றாள் இவள்.

மூன்றாவது கடை, மருந்துக்கடைக்கு மேல் மாடியில். உள்ளே போனதும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நெடி இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் புதுத் துண்டு. அரத்தை உபயோகித்ததும் வாடிக்கையாளர் முன்னாலேயே இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார்கள். கருவிகள் ஒட்டிய கவருக்குள் இருந்தன. கவரின் ஓரத்தில் ஒரு பட்டை உண்டு, நீராவிச் சூட்டில் வைத்தால்தான் அது நிறம் மாறும். மாறியிருக்கிறது என்று வேலைக்காரப் பெண் ஒவ்வொருவரிடமும் காட்டிவிட்டுத்தான் பிரித்தாள். விரலக்காவுக்குப் பெருமூச்சே வந்தது. கிடைத்துவிட்டது, வேலையும் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்து, நிம்மதியாகத் தலையை உயர்த்தினாள்.

எதிர்ச் சுவரில் பெரிய சட்டம் போட்ட ஒரு படம். நகமெல்லாம் கறுத்து, வீங்கி, சீழ் கோத்த ஒரு விரல். கீழே, 'சுத்தமில்லாத கடைகளில் நடப்பது இதுதான்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பார்க்கவே கூசியது. அப்புறம்தான் விரலுக்கு அடியில் இருந்த நீல வெல்வெட்டைப் பார்த்தாள். அதற்கப்புறம் மச்சத்தைப் பார்த்தாள்.

அவள் விரல். அவள் எடுத்து, அவள் அனுப்பிய படம்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலைத் தினமும் ரிப்பன் கட்டும்போதெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். வெளியே வந்தது அந்தப் பார்லர்காரிதான். இடம் மாறி, கொஞ்சம் பருத்து, பெரிய கடைக்காரியாகியிருந்தாள். நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண் அந்தப் படத்தைக் காட்டி, என்ன மேடம் இது, பயமா இருக்கே என்று கேட்டாள்.

"அது வேற கடையில போய் மாட்டிக்கிட்ட பொண்ணு, தங்கம். அழுதுக்கிட்டே எங்கிட்டதான் வந்தா. நான்தான் சரி பண்ணி அனுப்புனேன்" என்றாள் பார்லர்காரி, மனம் கூசாமல்.

விரலக்கா கடையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். கவர், பட்டை, உடைக்கிற அரம், புதுத் துண்டு. இத்தனையும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் விரலில் படித்துக்கொண்டாள், என் விரலைக் காட்டியே சம்பாதிக்கிறாள், அதிலும் என்னைக் காப்பாற்றியது தான்தான் என்கிறாள். நாத்தனார் முந்தானையைப் பிடித்து இழுப்பதற்குள் அவள் எழுந்து நேராகச் சுவருக்குப் போனாள். இடது கையை விரித்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மச்சத்துக்கு நேரே மச்சம்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க. உங்ககிட்ட வந்தது உண்மை. மத்ததையும் சொல்லுங்க."

அரம் ராவுகிற சத்தம் நின்றது. பார்லர்காரி முதலில் சிரிக்கப் பார்த்தாள். படம் எங்கேயோ நெட்டில் எடுத்தது, மச்சம் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும் என்றாள். இளம்பெண் படத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். மேடு விழுந்த அந்த நகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த தன் கையை மெதுவாக வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் பார்லர்காரியின் முகம் இறங்கிவிட்டது.

"உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றாள் தாழ்ந்த குரலில்.

"அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடிதானே பேசுனீங்க. இன்னைக்கும் இங்கயே பேசலாம்."

பார்லர்காரி வேலைக்காரப் பெண்களைப் பார்த்தாள். அவர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கத்தரி பிடித்த பெண் வேலைக்குப் புதிது என்று ஆரம்பித்தாள், கூட்டம் அதிகம் என்றாள், அப்புறம் முணுமுணுவென்று எதையோ சொன்னாள்.

"கேக்கல" என்றாள் விரலக்கா.

"அது என் கடையிலதான் ஆச்சு. அழுக்குக் கையின்னு நான் சொன்னது பொய்."

இத்தனை நாள் காத்திருந்த சொல். கேட்டதும் நெஞ்சு குளிர்ந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குளிர்ந்தது, ஆனால் போதவில்லை. ரிப்பன் கட்டிய நாட்கள் அத்தனைக்கும் சேர்த்து இது ஒரு வாய்த் தண்ணீர். போய்விடலாம் அண்ணி என்று நாத்தனார் கெஞ்சினாள். இவள் போகவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சுத்தமான கடை இதுதான், சனிக்கிழமை ஒரு வேலைக்கு நான் கையைக் காட்ட வேண்டும், நீங்களே செய்யுங்கள் என்றாள்.

பார்லர்காரி கவரைப் பிரித்தாள். பட்டையைக் காட்டினாள். தான் கெடுத்த நகத்தின் மேல் தானே குனிந்து, மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினாள். அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரலக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை. ஆனால் வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை நகைக்கடை அம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே வரச் சொன்னாள்.

பார்லர் சுவரிலிருந்து படம் அன்றைக்கே இறங்கிவிட்டதாக நாத்தனார் வந்து சொன்னாள். அதான் ஒத்துக்கிட்டாளே, இத்தோட விட்டுடுங்க அண்ணி என்றாள். விரலக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுவரில் ஆணி இருக்கிறதா, அதையும் பிடுங்கிவிட்டார்களா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்று தெரிந்ததும் சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

மோதிரம் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணப் பெண்கள். வெல்வெட் தட்டில் அவள் கை வந்து அமர்ந்ததும் மோதிரத்தை விட்டுவிட்டு நகத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கே செய்துகொண்டீர்கள் என்று கேட்காதவள் கிடையாது. விரலக்கா ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டாள். மருந்துக்கடைக்கு மேல் மாடி என்று வழி சொல்வாள். கடை ரொம்பச் சுத்தம், தைரியமாகக் கையைக் கொடுக்கலாம் என்பாள். மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொல்வாள்:

"உக்காந்ததும், எதிர்ச் சுவத்துல வெறும் ஆணி மட்டும் இருக்கும். அங்க யாரோட விரல் மாட்டியிருந்துச்சுன்னு அந்த மேடம்கிட்ட கேளுங்க. கட்டாயம் கேளுங்க."