பெரிய வீட்டு வாசலில் இறங்காதவர்

பாகூர் சந்தையில் கொள்ளு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் சபாபதி போய்விட்டார் என்று சொன்னார்கள். கொள்ளு அவருடைய குதிரைக்கு. அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நான்தான் வாங்கிப் போட்டுவந்தேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கம் வரை அழுதுகொண்டே நடந்தேன்.

அவருக்கு மண்ணும் குதிரையும் போதும். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் மோட்டார் வாங்கியதும் தள்ளிவிட்ட பெண்குதிரையை இவர் பிடித்துவந்தார். புழுதி உழவுக்கு அதை ஏரில் பூட்டியபோது ஊரே வரப்பில் நின்று சிரித்தது. அடுத்த வயல்காரனான நானும் சிரித்தேன். "சிரிங்கப்பா, உங்களுக்கும் பொழுது போவணும்ல" என்றார். சேற்றில் மட்டும் அதை இறக்கமாட்டார்.

எங்கள் ஊரில் பெரிய வீட்டு வாசலைக் கடக்கும் எவரும் வண்டியோ குதிரையோ விட்டு இறங்கித்தான் போகவேண்டும். சபாபதியும் இறங்கித்தான் போய்வந்தார். ஓர் ஐப்பசி மழையில், பட்டப்பகலில், ஏரிக்கரை கசிவதைப் பார்த்தார். ஆள் திரட்டக் குதிரையை விரட்டி வந்தவர் அன்று அந்த வாசலில் இறங்கவில்லை. நாங்கள் மண்வெட்டியோடு ஓடிப்போய்க் கரையை அடைத்தோம். தப்பிய பயிரில் பாதி பெரிய வீட்டுப் பயிர். மறுநாள் காலை, குதிரையின் வால் முடியை ஒட்ட நறுக்கி அவர் வீட்டுப் படலில் கட்டியிருந்தார்கள்.

பெரிய வீட்டுக்காரர் மறைக்கவும் இல்லை. "எறங்காதவன் குதிரைக்கு இன்னாத்துக்குடா வாலு?" என்று கடைத்தெருவில் கேட்டார். மேர் கச்சேரியில், அதுதான் மேயர் ஆபீசில், புகார் கொடுக்கலாம் என்றேன். "அங்க நாற்காலி போட்டு ஒக்கார்றதே அவருதானேப்பா" என்றார் சபாபதி.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை, அந்த மொட்டை வாலோடு, அந்த வாசல் வழியாகவே குதிரையை விட்டு இறங்காமல் போனார். குதிரைக்கு ஈ விரட்ட வழியில்லை. வேப்பிலைக் கொத்தால் இவரே விரட்டிக்கொண்டு போவார்.

தையில் பெரிய வீட்டு மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டு ஆள் வந்தது. "வாலில்லாத குதிர மேலயா மாப்ளய ஏத்துவீங்க? முடிய ஒட்டவெச்சிட்டு இட்டுகினு போங்க" என்றார். மாப்பிள்ளை மாட்டு வண்டியில் போனார். எனக்கு அது இன்றைக்கும் இனிக்கிறது.

இப்போது அதே பெரிய வீட்டுக்காரர் கருமாதிக்கு வந்து படத்துக்கு மாலை போடப்போகிறாராம். "எங்க வூட்டு மேல ரொம்ப மரியாத உள்ள மனுஷன்னு ஒரு வரி எழுது" என்று, கருமாதிக்காக இந்த இரங்கலை எழுதும் எனக்குச் சொல்லியனுப்பினார். எழுதுகிறேன், ஐயா: அவர் உங்களை மன்னிக்கவில்லை. கடைசி வாரம்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனா அவரு மாலையோட வருவாரு. வுடாத" என்றார். நானும் மன்னிக்கவில்லை.

இத்தனையும் பார்த்த நான், நேற்றுவரை அந்த வாசலில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். சபாபதி பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் இப்போது என்னைச் சுடுகிறது.

பிள்ளையில்லாத அவர் குதிரையை என்னிடம் விட்டுப்போயிருக்கிறார். நறுக்கிய முடியும், அவர் துணியில் முடிந்துவைத்தபடியே, என்னிடம் இருக்கிறது. கருமாதியன்று மாலையோடு வருபவர் கையில் அந்த முடிச்சைச் சபாபதி வீட்டு வாசலிலேயே கொடுத்துத் திருப்பியனுப்புவேன். மறுநாள் முதல் கொள்ளு வாங்கக் குதிரையில்தான் போவேன், பெரிய வீட்டு வழியாக. எனக்கு இன்னும் சரியாக ஏறத் தெரியாது. அந்த வாசலில் இறங்கமாட்டேன் என்பது மட்டும் தெரியும்.