ஒரகடம் சாலையில் இறங்கிய விமானமும் எங்கள் கொடிக்கம்பமும்

போராட்டம் நடத்துவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, ஓவர்டைம் மட்டும் உண்டு. கேட் வாசல் வெயிலில் வெந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? மண்ணூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சங்கம் வைத்ததற்காக ஏழு பேரை வெளியே தள்ளினார்கள். அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம். நாற்பதாம் நாள் நடந்தது இது.

மேலிடத்து வண்டி

நான் பேசிக்கொண்டிருக்கும்போது, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானம் தாழப் பறந்து வந்து, காலியாகக் கிடந்த ஒரகடம் சாலையில் இறங்கிப் பந்தலுக்குச் சற்று முன்னால் நின்றது. நிர்வாகத்தின் வண்டி எது வந்தாலும் முன்னால் போய் உட்காருவது எங்கள் ஆட்களின் பழக்கம். எஞ்சின் அணைந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் இரண்டு கோஷம் போட்டேன். இறங்கி வந்த இளம் விமானியோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எதற்கு வம்பு என்று இறக்கிவிட்டேன் என்றார். ஏழு பேரில் ஒருத்தியான செல்வி என்னைப் பார்த்தாள்.

"இன்னா தோழர், நாப்பது நாளா கத்திக்கினு கீறோம், எம்.டி.யத் தவுர எல்லாரும் வந்து எறங்குறாங்க."

இறங்காத கொடி

இன்ஸ்பெக்டர் வந்தார். லாரிகள் போக வேண்டும், விமானத்தைப் பந்தலை ஒட்டிய காலி மனைக்குள் ஓட்டுங்கள் என்றார். வழிவிட முன்பக்கத்து மூங்கில்களைப் பிடுங்கினோம். பந்தல் வாசலில் நட்டிருந்த எங்கள் கொடிக்கம்பத்தையும் எடுக்கச் சொன்னார். கோரிக்கை நிறைவேறாமல் கொடியை இறக்கிய வரலாறு எனக்கு இல்லை என்று ஆரம்பித்து, நானே எழுதிய துண்டறிக்கையிலிருந்து பத்து நிமிடம் விளக்கினேன். அவர் விமானியிடம் திரும்பினார்.

"தம்பி, கம்பத்தை ஒட்டிப் பாத்துப் போயிடு. இவரு பேசி முடிக்கிறதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிடுவே."

சக்கரம் பார்த்தவன்

வழிகாட்டும் வேலையை முருகேசன் எடுத்துக்கொண்டான். அவனும் ஏழு பேரில் ஒருவன், தூத்துக்குடிக்காரன். தொழிற்சாலைக்குள் நாற்பதடி டிரெய்லர்களை ரிவர்ஸ் எடுக்கக் கைகாட்டியே பேர் வாங்கியவன். டிரெய்லருக்குக் கைகாட்டுகிறவனின் கண் சக்கரத்தை விட்டு நகராது. வரட்டும், வரட்டும் என்றான். சக்கரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே தாராளமாக மூன்றடி இருந்தது. இறக்கை போய்க் கம்பத்தில் மோதியது. விமானம் சுழன்று, மூக்கு வடிகாலிலும் வால் சாலையிலுமாகக் குறுக்கே நின்றது. விமானிக்கு ஒரு கீறல் இல்லை. கம்பம் வளைந்ததே தவிர விழவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். முருகேசன் குனிந்து டயரைக் காட்டினான்.

"சக்கரம் சரியாத்தான போச்சு, அண்ணாச்சி? றெக்கையப் பாக்கணும்னு எவன் சொன்னான்?"

நடந்து வந்த மேனேஜர்

விபத்து என்றாகிவிட்டது. விமானத்துறை அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. அவர்கள் மறுநாள்தான் வருவார்களாம். லாரி போக மிச்சமிருந்த ஒரே வழி எங்கள் பந்தல் நின்ற இடம். மதியத்துக்குள் பாகம் வராமல் உள்ளே உற்பத்தி லைன் நின்றது. நாற்பது நாளும் கார்க் கண்ணாடியை இறக்காத மேனேஜர் நடந்தே வந்து, பந்தலைப் பிரிக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஏழு பேருக்கும் வேலை உத்தரவைக் கொண்டுவாருங்கள் என்றேன். சாயங்காலம் ஏழு கடிதங்களும் கையெழுத்தோடு வந்தன. செல்வி தன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் கொடியை இறக்கிப் பந்தலைப் பிரிக்கச் சொன்னேன். மேனேஜர் என்னைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லுங்க சார், இந்த பிளேனை ஏற்பாடு பண்ணது யாரு?"

முப்பது வருடமாக நான் நடத்திய மறியல்களெல்லாம் அரை மணி நேரத்தில் போலீஸ் வேனில் ஏறி முடிந்திருக்க, மறுநாள்வரை நகராமல் நின்று ஜெயித்த ஒரே மறியலை நடத்திய அந்த விமானத்துக்குச் சங்கத்தில் உறுப்பினர் அட்டைகூடக் கிடையாது.