குடல் வீடு திரும்பும் வாரம்

மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் பல வருஷமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். கருவில் குடல் உருவாகும் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆரம்பத்தில் அது வெறும் நேர்க்குழாய். முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்று மூன்று பங்கு. இதில் நடுக்குடலுக்கு மட்டும் பொறுமை கிடையாது. வயிறு வளர்வதற்குள் மளமளவென்று நீண்டுவிடும். ஈரல் வேறு முழு அறையையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடம் போதாத குடல், தொப்புள் வழியாகக் கொடிக்குள் வெளியேறிவிடும். அங்கேயே திரும்பி, சுருண்டு, வளர்ந்து, வயிறு கொஞ்சம் அகன்றதும் உள்ளே வரும். கோழிக்குஞ்சு, பன்றிக்குட்டி, நாம் எல்லோரும் இதில் ஒரே ரகம்தான்.

அதை உள்ளே இழுப்பது எது என்று இன்றுவரை முழுசாகத் தெரியாது. வகுப்பில் இதை நான் ரொம்ப ரசித்துச் சொல்வேன். விஞ்ஞானிகளுக்கே தெரியாத ஒன்றை மாணவர்களுக்குச் சொல்வதில் ஒரு குஷி.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எனக்குக் கரு தங்கியது. முதல் ஸ்கேனில் டாக்டர், இளம் வயதுச் சீனப் பெண், திரையைக் குனிந்து கூர்ந்து பார்த்தார். பிறகு தொப்புள்கொடியின் அடியில் ஒரு வெள்ளைப் புடைப்பைக் காட்டினார். குடல் வெளியே இருக்கிறது, இந்த வாரத்தில் அப்படி இருக்கக்கூடியதுதான், இரண்டு வாரம் கழித்து வாருங்கள், அப்போது உள்ளே போயிருக்க வேண்டும் என்றார். போகாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கமும் எனக்கு மனப்பாடம். சில பிள்ளைகளுக்கு அது திரும்பாமலே நின்றுவிடும். பிறந்தவுடன் கத்தி வைக்க வேண்டியிருக்கும். கூடவே வேறு கோளாறுகளும் வரலாம்.

காரில் வரும்போது என் கணவருக்கு விளக்கினேன். அவர் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். எதைச் சொன்னாலும் கழற்றி மாட்டுகிற வேலையாக மாற்றினால்தான் அவருக்குப் புரியும்.

"தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்கிறப்ப சோபாவ வெளிய தூக்கிப் போடுறோம்ல, அந்த மாதிரிதானே? அடிச்சு முடிச்சதும் உள்ள வந்துரும் லா" என்றார்.

"போன தீபாவளிக்கு நீங்க வெளிய போட்ட சோபா தைப்பூசம் வரைக்கும் போர்ச்சுலதான் கெடந்துச்சு."

அதற்குமேல் அவர் கடல் பாலம் முடியும்வரை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்களோடு இருக்கும் மாமியாரின் சட்டம். கல்லூரியில் யாருக்கும் தெரியாது. குடல் விஷயத்தை மாமியாரிடமே சொல்ல வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். என் கணவர் அந்த முடிவை அன்று மாலைவரை காப்பாற்றினார்.

மாமியார் அழவில்லை. யோசித்தார். பிள்ளைக்கு வயிற்றில் இடம் பற்றவில்லையாம்; அப்படியானால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார்? நான்தான், என் சோறுதான். மறுநாள் முதல் என் தட்டில் பாதிச் சோறு.

"அத்தே, எடம் பத்தலங்கிறது என் வயித்துல இல்ல. பிள்ளையோட வயித்துல."

"ரெண்டும் ஒரே வயித்துக்குள்ளதானே இருக்கு?"

 நான் வாதத்தை விட்டுவிட்டேன். ஆனால் பசி விடவில்லை. கல்லூரி முடிந்ததும் சூலியா தெருவில் காரை நிறுத்தி சோற்றில் பல கறிக்குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தேன். "அக்கா, கொழம்பு நெறைய ஊத்தவா?" என்று கேட்ட கடைக்காரரிடம், "ஊத்துங்கண்ணே, தட்டு முழுகட்டும்" என்றேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும் பயனில்லை. வாசலில் மாமியார் என் விரல்களைப் பிடித்து மோந்து பார்த்தார். கையும் களவுமாக அகப்பட்டேன்.

"கொஞ்சமாச்சும் எடம் விட்டு சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

அதே வாரத்தில் வகுப்பில் அந்தப் பாடம் வந்து தொலைத்தது. தள்ளிப்போடலாமென்றால் பாடத்திட்டம் விடாது. வழக்கமாக நான் என் துப்பட்டாவைக் குடலாக்கி, ஒரு பிளாஸ்டிக் வளையலைத் தொப்புளாக்கிச் செய்து காட்டுவேன். நடுத்துணியை வளையலுக்குள் விட்டு வெளியே இழுத்து, ஒரு முறுக்கு முறுக்கி, மறுபடி உள்ளே செருக வேண்டும். முதலில் சிறுகுடல் வந்து தன் இடத்தைப் பிடிக்கும், பெருங்குடலின் முனை கடைசியாக வந்து சேரும். அன்றும் செய்தேன். துணியின் ஒரு நுனி வளையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் உருவி மறுபடி செருகினேன். சரியாக வந்தது. ஆனாலும் எனக்குத் திருப்தியில்லை. இன்னொரு தரம் உருவிச் செருகினேன்.

முன்வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், போதும் லா. உள்ள போயிருச்சு."

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம்தான் முதன்முறையாக, அதை உள்ளே இழுப்பது எது என்று தெரியாது என்ற வரியை நான் சொல்லாமல் விட்டேன்.

இரண்டாவது ஸ்கேனுக்கு மூன்று பேராகப் போனோம். மாமியாரை வெளியே உட்காரச் சொன்ன தாதி தோற்றுப்போனார். டாக்டர் என் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தினார், நகர்த்தினார், மறுபடி அழுத்தினார். என் கணவர் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எட்டியது அதுதான்.

"ஆல் இன்" என்றார் டாக்டர்.

மாமியாருக்கு அது போதவில்லை. எல்லாமே உள்ளே போயாச்சா என்று மலாயில் விசாரித்தார்: "செமுவா சுடா மாசுக்?"

"சுடா, மக்சிக். செமுவா", ஆச்சு ஆன்ட்டி, எல்லாமே என்று டாக்டர் சிரித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, பிள்ளையின் வயிற்றில் இடப்பக்கம் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்றைத் தொட்டுக் காட்டினார். இதுதான் இரைப்பை, பிள்ளை சுற்றியிருக்கும் நீரை விழுங்க ஆரம்பித்துவிட்டது, விழுங்கிய நீர்தான் இப்படிக் கறுப்பாகத் தெரிகிறது என்றார்.

இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் இரண்டு வாரமாக நான் ஒரு குடலுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவரோ எங்கள் கலவரம் எதையும் கண்டுகொள்ளாமல், தன் பாட்டுக்கு முதல் மிடறைக் குடித்து முடித்திருந்தார். நான் அழுதுவிட்டேன். வயிறு குலுங்கியதில் படம் கலைந்துபோக, கொஞ்சம் அசையாமல் இருங்கள், பிள்ளை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர்.