லிப்ட்காரரின் மூன்று ஆண்டெனாக்கள்

மற்றவர்கள் மாடி ஏறிக் கஷ்டப்படக் கூடாது என்று இருபத்தெட்டு வருடம் உழைத்த மனிதர் அவர். லிப்ட் மெக்கானிக். ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது. நான்காவது மாடியில் வீடு. அதற்கு மேல் ஐந்தாவது, அதற்கும் மேல் மொட்டை மாடி. "லிப்ட்காரர் வீடா இது?" என்று மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நகைச்சுவையைத்தான் சொல்வார்கள். அவரும் அன்றுதான் முதல்முறை கேட்பதுபோலச் சிரித்து வைப்பார்.

அவருக்கு ரேடியோப் பித்து. பாட்டு கேட்கிற ரேடியோ அல்ல. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோ. மொட்டை மாடியில் ஒவ்வொரு பேண்டுக்கும், அதாவது அலைவரிசைக்கும், ஒன்றாக மூன்று ஆண்டெனாக்களைக் கட்டியிருந்தார். பகலில் வெகுதூரம் பேச ஒன்று, பொழுது சாய்ந்தபின் பேச ஒன்று, கிட்டத்து ஊர்களுக்கென்று நீளமாக ஒன்று. கீழே வீட்டுக்கு வந்ததோ ஒரே கேபிள். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் மேலே போய், இதைக் கழற்றி, அதைத் திருகிவிட்டு இறங்கி வர வேண்டும். அதற்குள் பேசிக்கொண்டிருந்த ஆள் காணாமல் போயிருப்பான்.

"நீங்க பேசுற நேரத்தைவிட படிக்கட்டுல இருக்கிற நேரம்தான் ஜாஸ்தி" என்பார் மனைவி. அவர் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

மூன்றாவது மாடியில், இவர்களுக்கு நேர் கீழே, தையல்காரம்மா. அவருக்கும் லிப்ட்காரருக்கும் ஏழாம் பொருத்தம். அந்தம்மா தையல் மிஷினின் மோட்டாரை ஓட்டினால் இவர் ரேடியோவில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல் இரைச்சல். இவர் பேசினால் அந்தம்மாவின் டேப் ரிக்கார்டரில் பாட்டுக்கு நடுவே இவர் குரல். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் வீட்டுக்காரரிடம் புகார் சொல்லிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் இரண்டு பேர் சொல்வதும் நியாயம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மழை நாளில் மொட்டை மாடியிலிருந்து இறங்கும்போது லிப்ட்காரருக்குக் கால் வழுக்கியது. பதினொரு படி உருண்டார். முழங்கால் ஜவ்வு கிழிந்தது. டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேலைக்குப் போக ஒரு தடவை இறங்குங்க, வீட்டுக்கு வர ஒரு தடவை ஏறுங்க. அதோட சரி."

ஒரு வாரம் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். எட்டாம் நாள் மனைவியே கேட்டார்: "ஏங்க, நீங்க மேல போகாம அந்த ஆண்டெனா தானா மாறாதா? லிப்ட் மட்டும் பட்டனை அமுக்கினா வருதுல்ல?"

அந்தக் கேள்வி அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது. இடிக்கப்போகிற ஒரு பழைய அலுவலகத்தின் லிப்ட் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து கழற்றிய ரிலேக்கள் பரணில் கிடந்தன. மின்சாரம் கொடுத்தால் டக்கென்று இழுத்துப் பிடிக்கிற சுவிட்சுகள். சக தொழிலாளி ஒருவர் தன் வீட்டில் தூசி படிந்து கிடந்த சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. டிவியில் செருகினால் எழுத்து தெரியும். எழுதின புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைக்கலாம்.

இவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அமுக்குவதை இரண்டு நாள் பார்த்தார் மனைவி. மூன்றாம் நாள், "தள்ளுங்க, நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். புரோகிராமின் பாதித் தப்புகளை அடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

முதல் சோதனையில் இரண்டு ரிலேக்கள் ஒன்றாக இழுத்துக்கொண்டு, எந்த ஆண்டெனாவும் உருப்படியாக வேலை செய்யவில்லை. லிப்ட்காரர் தாடையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "கதவு மூடாம லிப்ட் நகரக் கூடாது. அதேதான். முதல்ல எல்லாத்தையும் விடச் சொல்லு. அரை செகண்ட் சும்மா இருக்கணும். அப்புறம் ஒண்ணை மட்டும் இழுக்கணும்."

மனைவி நான்கு வரி சேர்த்தார். ஐந்தாவது மாடிக்காரரின் மகன், கல்லூரியில் படிப்பவன், ரிலேக்கள் இருந்த பெட்டியை மொட்டை மாடியில் மாட்டி, கேபிளை இணைத்துவிட்டு இறங்கி வந்தான். லிப்ட்காரர் '2' என்று அமுக்கினார். மேலே 'டக்'. ரேடியோவில் அதுவரை இல்லாத ஊர்கள் பேசின. அவர் காலை நீட்டி முக்காலி மேல் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடலில் புயல் அடித்தது. கரையிலிருந்து ஒரு நாள் படகுப் பயணத்தில் இருந்த தீவுக்குப் போன் லைன் அறுந்தது, படகுகள் நின்றன. மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. தையல்காரம்மா. தலைகூட வாரவில்லை.

"அண்ணே, உங்க ரேடியோவுல அந்தத் தீவு பேசுமா? என் பொண்ணு அங்கதான் நர்சா இருக்கா. போய் நாலு மாசம்தான் ஆகுது."

அவர் பதில் சொல்லுமுன் மனைவி அந்தம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார்.

"அங்க ஒரு போஸ்ட்மேன் என்னை மாதிரியே ரேடியோ செட் வச்சிருக்கார். நான் பேசியிருக்கேன்" என்றார் லிப்ட்காரர். "கரண்ட் இருக்காது. பேட்டரில பேசினாத்தான் உண்டு. எந்த பேண்டுல, எப்ப வருவார்னு தெரியாது. கேட்டுக்கிட்டே இருப்போம்."

"என் மிஷின் சத்தம்…"

"அதை மட்டும் கொஞ்சம்…"

"நிறுத்திட்டுத்தாண்ணே வந்தேன்."

மனைவி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த ஆண்டெனாவுக்கு மாறி, 'பீப்' என்று ஒலிக்கும்படி புரோகிராமை மாற்றினார். 'பீப்' கேட்டதும் லிப்ட்காரர் ரேடியோவின் பேண்டைத் திருப்புவார். காலை போனது, மதியம் போனது. வைத்த சாதத்தை யாரும் தொடவில்லை. நூறு தடவைக்கு மேல் மேலே 'டக்' என்றது. தையல்காரம்மா முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

மூன்றரை மணிக்கு இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. போஸ்ட்மேன்தான். லிப்ட்காரர் கூப்பிட்டார், போஸ்ட்மேனுக்குக் கேட்டுவிட்டது. ஆனால் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"இங்க சரியா கேக்கல. கீழ் பேண்டுக்குப் போறேன், வாங்க. பேட்டரி உயிரை விடப்போகுது."

லிப்ட்காரர் '3' அமுக்கினார். 'டக்.' போஸ்ட்மேன் போய்ச் சேருமுன் இவர் அங்கே காத்திருந்தார். இப்போது குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"ஆஸ்பத்திரிக் கூரை போயிடுச்சு. நோயாளிங்க எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு மாத்தியாச்சு. உயிர்ச்சேதம் இல்ல. குடிதண்ணி வேணும், காய்ச்சலுக்கு மருந்து வேணும். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதியாச்சு. புதுசா வந்த நர்ஸ் பொண்ணு எப்படி இருக்கு? அவங்க அம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

"அதுவா? ரெண்டு நாளா தூங்கல. நல்லா இருக்கு. தகரம் கிழிச்சு என் கையில ஆறு தையல், அந்தப் பொண்ணுதான் போட்டுச்சு."

தையல்காரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் விரல்களுக்கிடையே வழிந்தது. பிறகு கையை எடுத்து, உடைந்த குரலில் சொன்னார்: "நேரா போட்டாளான்னு கேளுங்கண்ணே. பாவாடைக்குக்கூட கோணலாத்தான் அடிப்பா."

லிப்ட்காரர் உண்மையாகவே கேட்டார். அந்தப் பக்கம் போஸ்ட்மேன் சிரிப்பது கேட்டது. "நேராத்தான் இருக்குன்னு சொல்…" அதோடு பேட்டரி அடங்கியது. இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மொத்தம் நான்கு நிமிடம். இந்தக் காலோடு மொட்டை மாடிக்குப் போயிருந்தால் அந்த நேரத்தில் அவர் பாதி வழிகூட ஏறியிருக்க மாட்டார்.

"வயித்துல பாலை வார்த்தீங்க" என்றார் தையல்காரம்மா. லிப்ட்காரரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அவர் மனைவி பக்கம் திரும்பி முடித்தார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். லிப்ட்காரர் நிவாரண அலுவலகத்துக்குப் போன் போட்டு, தண்ணீரையும் மருந்தையும் இரண்டு தடவை படித்துக் காட்டினார். மூன்றாம் நாள் முதல் படகு போனது.

அன்று மாலை ஆறிப்போன சாதத்தை மூன்று பேரும் ரேடியோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தையல்காரம்மா மகளைப் பற்றி நிறுத்தாமல் பேசினார்: பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டு, ஊசி என்றால் ஓடிய கதை, வேலை கிடைத்த அன்று போட்ட சண்டை. லிப்ட்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் தலை ஆடவில்லை. தட்டை மடியில் வைத்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிவிட்டிருந்தார்.

"எழுப்பாதீங்க" என்று தையல்காரம்மா தட்டை மெல்ல எடுத்து வைத்தார்.