பூங்கோதையின் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பச்சை டிராவல் பேக் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குழந்தையின் துணிமணிகள். அவற்றின்மேல் ஒரு கிலுகிலுப்பை.

யார் எங்கே கிளம்புகிறார்கள்?

மருமகள் நித்யா, திருக்கனூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். புதன்கிழமை காலை பஸ்ஸுக்கு. குழந்தையோடு. காலண்டரைப் பார்த்தேன். பண்டிகை இல்லை, விசேஷம் இல்லை, அமாவாசைகூட இல்லை.

"இன்னாம்மா, திடீர்னு?" என்றேன்.

"திடீர்னு இல்ல மாமா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, இனிமே வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். கொஞ்ச நாளு அம்மா வூட்ல இருந்துட்டு வரேன்."

"வேலைய வுடறியா? ஏன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதான் நேத்து சொல்லிட்டீங்களே மாமா."

நான் சொன்னேனா? என்ன சொன்னேன்?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும் — தேதி வியாதி. ஊர் வரலாறு எழுதுவதற்காக, பாகூர் ஏரி எந்த வருஷம் எந்த மாதம் நிரம்பி வழிந்தது என்று தேடி அலைகிறவன் நான். ஐப்பசியைக் கார்த்திகை என்று யாராவது எழுதிவிட்டால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு, முந்தின நாள் சாயங்காலம் சொன்னது மறந்துபோகுமா? திங்கட்கிழமை முழுவதையும் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். காபி, பேப்பர், மணப்பட்டிலிருந்து வந்த மீன், மத்தியானத் தூக்கம், சாயங்காலம் சீரியல். இதில் எங்கேயும் நான் மருமகளின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாக.

நித்யா பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேத்தி இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். நித்யாவின் லீவு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மகனுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவான். இவ்வளவும் எனக்குத் தெரியும். இவள் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பேசியதாக எனக்குத் தெரியாது. பேசாத ஒன்றைப் பற்றி நான் எப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியும்?

சமையலறைக்குப் போனேன். மனைவி சரோஜா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் இன்னா சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலையே" என்றாள், கீரையைப் பார்த்தபடி. "உங்க மனசுல இருக்கறதச் சொன்னீங்க. தப்பு இல்லையே."

இதற்கு என்ன அர்த்தம்? முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் எதிர்வீட்டு மங்கா வந்தாள். அவள் வீட்டு டிவியில் எந்நேரமும் கிரிக்கெட். அதனால் சாயங்காலத்தில் எங்கள் வீட்டுச் சீரியலுக்கு நான்காவது ரசிகை. பேக்கைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாண்ணே இது, நல்லா இருந்த வூட்ல குண்டப் போட்டுட்டீங்க?"

"நான் இன்னா பண்ணேன் மங்கா? நீயாவது சொல்லேன்!"

"நேத்து பூங்கோதை வேலைக்குப் போவக் கூடாதுன்னு சொன்னீங்களா, இல்லியா?"

சொன்னேன். பூங்கோதை என்பது எங்கள் சீரியலின் கதாநாயகி.

"அது சீரியலைப் பத்திச் சொன்னது!"

மங்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சீரியலைப் பத்தியா? யாருண்ணே இந்த வூட்ல சீரியலைப் பத்திப் பேசறாங்க?"

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சீரியல் ஓடும்போது பேசக் கூடாது. விளம்பரம் வந்ததும் எல்லாரும் கருத்துச் சொல்லலாம். விளம்பர இடைவேளைதான் எங்கள் சட்டசபை. திங்கட்கிழமை சபையில் இருந்த விஷயம் — பேங்க்கில் வேலை பார்க்கும் பூங்கோதை, குழந்தை பெற்ற பிறகு மறுபடி வேலைக்குப் போகலாமா, கூடாதா?

சரோஜா சொன்னாள்: "பச்சப்புள்ளைய வுட்டுட்டு எப்படிப் போவா, பாவம். அவளுக்கும் ஆசை இருக்கும் இல்ல?"

நித்யா சொன்னாள்: "போவலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆளு வந்துடும் அத்தை. அப்பறம் கெடைக்காது."

"அதுக்கு, மாமியாருன்னு ஒருத்தி வூட்ல இருக்கா இல்ல? வாயத் தொறந்து கேட்டா இன்னா?"

"கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டா? முடியாதவங்களப் போயி தொந்தரவு பண்ண மாதிரி ஆயிடும்."

மங்கா நடுவில் புகுந்தாள்: "பொம்பளைங்க நாம பேசி இன்னா ஆவப்போவுது? வூட்டுப் பெரியவரு இன்னா சொல்றாருன்னு பாக்கலாம்."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

இப்போது எழுதும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. சரோஜாவுக்கு முட்டி வலி. அதைப் பார்த்து நித்யா கேட்கத் தயங்குகிறாள். அவள் கேட்காததால் இவள் தானாகச் சொல்லத் தயங்குகிறாள். அப்போது இதெல்லாம் தெரிந்ததா? 'ஆகா, கடைசியில் என் கருத்தையும் கேட்கிறார்கள்' என்றுதான் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அந்தச் சீரியலின் காலக்கணக்கு என்னை ரொம்ப நாளாக வதைத்துக்கொண்டிருந்தது. பூங்கோதைக்கு வலி எடுத்தது கார்த்திகை தீபத்தன்று — விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்கிறாள். குழந்தை பிறந்தபோது நம் வீட்டில் பொங்கல் முடிந்துவிட்டது. கதைப்படி அது ஒரே ராத்திரி. பேர் வைக்கும் சடங்கு மட்டும் பங்குனி வரைக்கும் நடந்தது. அவளுடைய மாமனார் விஷயம் இன்னும் மோசம். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி எபிசோடில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தார். மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்குகிறார். அந்த மாலை இன்றுவரை வாடவில்லை.

ஆகவே, ஆதாரத்தோடு அறிவித்தேன்: "கதைப்படி பார்த்தா இவளுக்குப் பிரசவமாகி ரெண்டு மாசம்கூட முடியல. இப்ப இவ வேலைக்குப் போறது சுத்தத் தப்பு. போகவே கூடாது!"

விளம்பரம் முடிந்தது. யாரும் பேசவில்லை. என் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாமல் வாயடைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது... என்ன சொல்ல?

சரி, தப்பு நடந்துவிட்டது. திருத்த வேண்டியதுதானே? நேராக நித்யாவிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேத்தி, மடித்ததை எல்லாம் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"நித்யா, நீ வேலைக்குப் போம்மா. நான் சொன்னது பூங்கோதைய."

அவள் முகம் சிவந்துபோனது. "நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலியே மாமா."

"இல்லம்மா, நீங்க எல்லாரும் நேத்து பேசினது..."

"சீரியலப் பத்தித்தானே மாமா பேசிக்கினு இருந்தோம்?"

பாருங்கள்! நான் சீரியல் என்றால் அவர்கள் இல்லை என்கிறார்கள். நான் இல்லை என்றால் அவர்கள் சீரியல் என்கிறார்கள். கல்வெட்டில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தாலும் எப்படியோ படித்துவிடலாம். இது எந்த எழுத்து?

திரும்பவும் மங்காவிடமே ஓடினேன். தெருவில் நின்றுகொண்டு ஆலோசனை.

"நேருக்கு நேரா சொன்னா அந்தப் பொண்ணு எப்படிண்ணே ஒத்துக்கும்? அவ கேட்டு நீங்க சொல்ற மாதிரி ஆயிடும். அக்காவுக்கும், என்னை ஒரு வார்த்த கேக்காம இவரே முடிவு பண்ணிட்டாருன்னு கோவம் வரும். எங்க வுழுந்துச்சோ அங்கயே எடுங்க. சாயங்காலம் விளம்பரத்துல சொல்லுங்க."

வேறு வழி? காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சீரியலின் தலைப்புப் பாட்டைக் கேட்டு எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பூங்கோதை வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு காட்சி வரட்டும். நான் சொல்ல வேண்டியது தயார்.

வந்ததா? வரவில்லை! அன்றைக்குப் பார்த்து கோயில் திருவிழா. குடும்பமே படியேறிப் போகிறது. மாமியார்காரி பட்டுப்புடவையில் எல்லாருக்கும் முன்னால் துள்ளி ஏறுகிறாள். அம்மன் நகை காணாமல் போகிறது. பூங்கோதையின் கணவனைப் போலீஸ் பிடிக்கிறது. மூன்று தடவை இடி இடிக்கிறது. பேங்க் இல்லை, வேலை இல்லை, ஒன்றும் இல்லை.

விளம்பரம் வந்தது. மூவரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நித்யாவின் மடியில் குழந்தை தூங்கியிருந்தது. கூடத்து மூலையில் பச்சை பேக். ஜிப் மூடியிருந்தது.

மங்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். என்ன சொல்வது? நகைத் திருட்டை வைத்துக்கொண்டு மருமகளை எப்படி வேலைக்கு அனுப்புவது? மண்டைக்குள் எதுவுமே ஓடவில்லை. பழக்கதோஷத்தில், எப்போதும் கண்ணில் படுகிற ஓட்டை ஒன்றுதான் அப்போதும் பட்டது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எல்லாரும் கோயிலுக்கு வந்துட்டாங்களே... பூங்கோதையோட குழந்தை எங்க? அதை யாரு பாத்துக்கறா?"

ஒரு சோப்பு விளம்பரம் ஓடியது. ஒரு செல்போன் விளம்பரம் ஓடியது.

சரோஜா தொண்டையைச் செருமினாள்.

"மாமியாரு பாத்துக்குவா. வூட்லதானே இருக்கா."

வீட்டிலா! இப்போதுதானே அந்த அம்மாள் பட்டுப்புடவையில் படியேறினாள்! மாமியார் கோயிலில் இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மங்கா என் பாதத்தை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

நித்யா தலை நிமிரவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அவங்களுக்கு முட்டி வலியாச்சே அத்தை?"

பூங்கோதையின் மாமியாருக்கு முட்டி வலியா? எந்த எபிசோடில்?

"முட்டி வலின்னா, புள்ளையத் தூக்கினு ஓட முடியாது. அவ்ளோதான். உக்காந்த எடத்துல சோறு ஊட்ட மாட்டாளா? தூங்க வெக்க மாட்டாளா? காலைல புள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டு மருமவ கெளம்பிட்டா, மத்தத அவ பாத்துக்குவா. கேட்டாத்தானே சொல்லுவா? கேக்காமலே இவ பொட்டியத் தூக்கினா அவ மனசு இன்னா பாடுபடும்?"

"அவங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதேன்னுதான்..." நித்யா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"கஷ்டம்னு அவ சொன்னாளா? புள்ள தவழ்ந்து ஓடுதே, அதத் தொரத்திப் புடிக்கணுமேன்னுதான் அவளுக்குக் கவலை. அதுக்கு இன்னா... மாமனாரு ஒருத்தரு சும்மா உக்காந்துக்கினு கெடக்காரு இல்ல? அவரு ஓடிப் புடிக்கட்டும்."

மாமனாரா!

செத்துப்போனவர். எத்தனை எபிசோடு அழுதோம். திரையிலேயே, கோயிலுக்குக் கிளம்பும் முன் எல்லாரும் அவர் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். என் தொழிலில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. ஒரு மாதம் தப்பாகப் போனாலே தூங்காதவன், செத்த மனிதனைக் குழந்தை பிடிக்க ஓடவிட்டால் எப்படிப் பொறுப்பேன்?

மூன்று பேரும் மறுபடி என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமாம்" என்றேன். "மாமனார் இருக்காரே. அவர் புடிப்பார்."

நித்யா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மங்கா, "ஷ்ஷ், ஆரம்பிச்சிடுச்சு!" என்று அதட்டினாள். விளம்பரம் முடிந்து மறுபடி இடி இடித்தது.

புதன்கிழமை காலை கூடத்தில் பேக்கைக் காணோம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு அன்றிலிருந்து ஒரே குழப்பம். இவ்வளவு வருஷமாக விளம்பர நேரத்தில் பேசியதெல்லாம் என்ன? முந்தின சீரியலில் ஒரு கணக்குப்பிள்ளை வருவான். "இந்த ஆளு ஒரு விஷயத்தப் புடிச்சா வுடவே மாட்டான், கேக்கறவங்களுக்குத் தலைவலி" என்று சரோஜா அடிக்கடி சொல்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதற்கும் முந்தின சீரியலில், ஆசையாக ஒரு கொலுசு கேட்ட பெண்டாட்டிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த ஒருவன்... "கல்லுளிமங்கன்" என்றாள். "கரெக்ட்!" என்றேன். அவர்களெல்லாம் யார்? போய்க் கேட்கலாம். சீரியலைத்தான் சொன்னேன் என்பாள். உங்கள் வீட்டில் எப்படி? தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

இந்த மாத முதல் தேதியிலிருந்து நித்யா வேலைக்குப் போகிறாள். பூங்கோதையின் மாமனார் செத்து இரண்டு தீபாவளி ஆகிறது — அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும், இந்த வாரம் இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து ஓடிக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.